பொதுக்கிணற்றைத் தூர்க்க முதல் எங்களைக் கேளுங்கள்

எங்கள் பிரதேச சபையின் தவிசாளர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், அனர்த்த ஆயத்தக் குழுவில் இருக்கும் அலுவலர்களுக்கும்,

சந்தைக்குப் பின்பக்கம் இருக்கும் பொதுக்கிணற்றைத் தூர்த்து, அந்த இடத்தில் வாகனத் தரிப்பிடம் கட்டுவதென்று போன மாதக் கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறீர்கள். அதே கிழமையில் நடந்த அனர்த்த ஆயத்தக் கூட்டத்தில் ஒரு திட்டத்தையும் வாசித்தீர்கள். அந்தத் திட்டத்தில் எச்சரிக்கை வாட்ஸ்அப்பில் வருகிறது. ஆட்களின் பட்டியல் கணினியில் இருக்கிறது. தண்ணீர், மோட்டர் போட்ட குழாய்க்கிணற்றில் இருந்து வருகிறது. நிவாரணக் காசு வங்கிக் கணக்குக்குப் போகிறது. கரண்டும் போனும் ஒன்றாக நின்றால் என்ன செய்வீர்கள் என்று நான் எழும்பிக் கேட்டேன். "அப்படி ஒரு நிலைமை இனி வராது ஐயா" என்றீர்கள். அடுத்த விடயத்துக்குப் போய்விட்டீர்கள்.

அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. வேறு ஊரில் ஒருவர் அப்படிச் சொன்னால் தெரியாமல் சொல்கிறார் என்று விடலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு சபைக்குள் இருந்துகொண்டு அப்படிச் சொல்லக்கூடாது.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. இரண்டு கிழமையில் வந்துவிடும், சரி, ஒரு மாதத்திலாவது வந்துவிடும் என்று இருந்தோம். வருடக்கணக்கில் வரவில்லை. தொலைபேசி நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் அரசின் தடைப் பட்டியலில் ஏறின. ஆனையிறவுப் பாதை பூட்டப்பட்டது. தெற்கே போக வேண்டியவர்கள் கடலேரியைக் கடக்கக் கிளாலிக் கரையில் இரவில் வள்ளம் ஏறினார்கள். ஏறியவர்களில் சிலர் கரை சேரவில்லை. அந்த நாட்களில் பிறந்த பிள்ளைகள் தங்கள் வீட்டில் மின்குமிழ் எரிவதைப் பார்க்காமலே பள்ளிக்கூடம் போனார்கள். நாட்டின் மின்வலையமைப்போடு குடாநாடு திரும்ப இணைந்தது 2013 இல்தான். இப்போது சபையில் இருக்கும் உங்களில் பாதிப்பேராவது இந்த வருடங்களுக்குள் பிறந்து வளர்ந்தவர்கள். உங்கள் தாய் தகப்பனைக் கேட்டாலே போதும்.

நவீன தொழில்நுட்பம் எல்லாம் திடீரென்று நின்றுபோனால், மிஞ்சியவர்கள் சமூகத்தை எப்படித் திரும்பக் கட்டுவார்கள் என்று உலகம் முழுக்கக் கதையும் படமும் வருகின்றன. என் பேரப்பிள்ளைகள் விரும்பிப் பார்க்கிறார்கள், நானும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவற்றில் அனேகமாகத் துவக்கு வைத்திருப்பவன்தான் கடைசியில் நிற்கிறான். துவக்குகள் எங்களைச் சுற்றியும் நிறைய இருந்தன. ஆனால் ஒழுங்கைக்கு ஒழுங்கை அரிசி போய்ச் சேர்ந்தது ஒரு கொப்பியாலும் ஒரு தராசாலும்தான். இந்த மடல் அந்தக் கொப்பியைப் பற்றியதும், நீங்கள் தூர்க்கப்போகும் கிணற்றைப் பற்றியதும்.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஜாம் போத்தல் விளக்கைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அந்தப் பஞ்சு நனையுமட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் விட்ட மெல்லிய திரி, அதைப் பிடித்து நிறுத்த ஒரு கம்பி. போத்தலின் கண்ணாடியே காற்றை மறைக்கும். சுடர் சின்னதுதான், ஆனால் அரிக்கன் லாந்தர் ஒரு இரவில் குடிக்கிற எண்ணெய் இதற்குப் பல இரவுக்குக் காணும். அதன் முன்னால் குனிந்திருந்து படித்துத்தான் ஒரு தலைமுறை ஏ.எல். சோதனை எடுத்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ வேலை செய்தது. பி.பி.சி. தமிழோசைச் செய்தி முடியுமட்டும் ஆள் மாறி ஆள் சுற்றினார்கள். மோட்டார் சைக்கிளை நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சவுக்காரம் இல்லாத நாளில் பனம்பழம் பிழிந்து உடுப்புத் தோய்த்தார்கள். உதயன் பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில்கூட அச்சாகி வந்தது.

இதெல்லாம் கெட்டித்தனம்தான், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அந்தப் போத்தலுக்குள் விடுகிற மண்ணெண்ணெய் எல்லா வீட்டுக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் அந்த இடத்தில் வேலை செய்தவன், அதனால் சொல்கிறேன்.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிளையொன்றில் அப்போது நான் விற்பனையாளர். பருத்தித்துறைக்குக் கப்பல் வந்தால் அரிசி, மா, சீனி, பருப்பு சங்கத்துக்கு வரும். மண்ணெண்ணெய் வந்தால் பீப்பாவில் வரும். கதவைத் திறக்க முதல் நாங்கள் செய்கிற முதல் வேலை, வாசல் பலகையில் வெண்கட்டியால் எழுதுவது. எத்தனை மூட்டை வந்தது, எத்தனை அட்டை இருக்கிறது, ஆளுக்கு எவ்வளவு, மிச்சம் வந்தால் யாருக்குப் போகும். அதை எழுதும்வரை வரிசையில் தள்ளுப்படுவார்கள், ஏச்சும் விழும். எழுதி முடிந்ததும் ஒருவர் உரத்து வாசிப்பார். வாசிக்கத் தெரியாத ஆச்சிமார் காதைக் கொடுத்துக் கேட்டு, தங்கள் வீட்டுக் கணக்கை விரலில் போட்டுப் பார்ப்பார்கள். சத்தம் அடங்கும். பங்கு குறைந்த நாளிலும் அடங்கும். தனக்குக் குறைந்ததைச் சனம் தாங்கிக்கொண்டது. பக்கத்தில் நிற்பவருக்கு ஏன் கூடியது என்று தெரியாமல் இருப்பதைத்தான் தாங்கவில்லை. பின்கதவால் ஒரு கலன் வெளியில் போனால் பின்னேரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அடுத்த நாள் அந்த வாசலில் முகம் கொடுத்து நிற்க முடியாது.

பிறகு பதிவேடு. குடும்ப அட்டை இலக்கம், தலைவர் பெயர், ஆட்தொகை, கொடுத்த அளவு, கையெழுத்து அல்லது பெருவிரல் அடையாளம். வலிகாமம் வடக்கில் இருந்தும் தீவுப்பகுதியில் இருந்தும் இடம்பெயர்ந்து வந்தவர்கள் பலரிடம் அட்டை இல்லை. உடுத்த உடுப்போடு வந்தவளிடம் அட்டையைக் காட்டு என்று எப்படிக் கேட்பது? கிராம சேவையாளர் கடிதம் தருவார். அவரைப் பிடிக்க முடியாவிட்டால், அவள் எந்த வீட்டில் ஒதுங்கியிருக்கிறாளோ அந்த வீட்டுக்காரரும் இன்னொரு அயலவரும் வந்து கையெழுத்து வைப்பார்கள். அது எங்களுக்குப் போதும்.

கடைசிப் பக்கங்களில் இன்னொரு பட்டியல் இருந்தது. எந்தச் சுற்றறிக்கையும் எழுதச் சொல்லாத பட்டியல். நடக்க முடியாதவர் யார், பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகாதவள் யார், தனிய இருக்கும் முதியவர் யார், சீனி வருத்தக்காரர் யார். அவர்களின் பங்கைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கச் சனசமூக நிலையத்துப் பெடியள் ஆளுக்கு நாலு வீடு பொறுப்பெடுத்திருந்தார்கள். கொடுத்துவிட்டு வந்து, "ஆச்சிக்குக் காய்ச்சல்", "அந்த வீட்டில் இரண்டு நாளாய் அடுப்பு எரியவில்லை" என்று சொல்வார்கள். அதையும் எழுதிக்கொள்வோம். எங்கள் ஊரில் அப்போது இருந்த தகவல் சேவை அதுதான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. அடி வைக்க இடமில்லாத சனம். அந்தப் பதிவேட்டை உரப்பையில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனோம். சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அதைத் திறந்து வைத்து, எங்கள் அட்டைக்காரர் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதத் தொடங்கினோம். கட்டடம் இல்லை, களஞ்சியம் இல்லை, ஆனாலும் அன்றிலிருந்து கிளை இருந்தது. யார் எங்கே என்று தேடி வந்த சொந்தக்காரர்களும் எங்களிடம்தான் வந்து கேட்டார்கள்.

உங்கள் திட்டத்தில் அந்தப் பெயர்கள் இப்போது எங்கே இருக்கின்றன? கணினியில் இருப்பதாகச் சொன்னீர்கள். கணினி திறக்காத நாளில் எங்கள் வட்டாரத்தில் படுக்கையில் கிடப்பவர் யார் என்று யாரிடம் போய்க் கேட்பது? புதிதாக வந்த கிராம சேவையாளருக்குத் தெரியாது, அது அவர் பிழையும் அல்ல. அவரிடம் எழுதிய தாள் ஒன்றும் கொடுக்கப்படவில்லை.

இதைச் சொல்லும்போது அந்தக் காலத்தை நான் கொண்டாடுவதாக யாரும் எடுக்க வேண்டாம். மருந்து இல்லாமல் செத்தவர்களை எனக்குத் தெரியும். இன்சுலினை வைக்கக் குளிர்ப்பெட்டி இல்லாமல் மண்பானைக்குள் ஈரமணலில் வைத்துக் காத்தவர்களைத் தெரியும். மருந்தே வராத மாதத்தில் அந்தப் பானையால் ஒரு பயனும் இல்லை. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி 1990 இன் கடைசியில் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்புக்குள் வந்ததால் எத்தனையோ உயிர் தப்பியது. ஆனால் ஊருக்குள் இரவில் பிள்ளைப்பேற்று நோ எடுத்தவளைச் சைக்கிள் கரியரில் இருத்தித்தான் உருட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்தக் கஷ்டம் எந்தப் பிள்ளைக்கும் திரும்ப வரக்கூடாது. வரக்கூடாது என்பதற்காகத்தான் ஆயத்தமாக இருங்கள் என்கிறேன்.

கிணற்றுக்கு வருகிறேன்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைத் தண்ணீர். அது அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் துளைத்து மோட்டரால் அளவில்லாமல் உறிஞ்சினால் உப்பு மேலே ஏறும், ஏறியதைக் கீழே அனுப்புவது லேசான காரியம் இல்லை. கையால் அள்ளுகிற கிணறு அந்தத் தண்ணீரை அளவாக எடுத்தது. மின்சாரம் நின்ற பிறகு மண்ணெண்ணெய் கிடைத்த தோட்டக்காரர் மிசின் வைத்து இறைத்தார்கள். கிடைக்காதவர்களில் சிலர் துலாவுக்குத் திரும்பினார்கள். துலாவில் ஏறி மிதிக்க ஒருவர், பட்டையைப் பிடித்து இறைக்க ஒருவர், மண்வெட்டியோடு பாத்திக்குத் தண்ணீர் மாற ஒருவர். வெங்காயமும் மரவள்ளியும் அப்படித்தான் விளைந்தன.

நீங்கள் தூர்க்கப்போகும் கிணறு அந்த வருடங்களில் எத்தனை ஒழுங்கைக்குத் தண்ணீர் கொடுத்தது என்று சந்தைப் பக்கத்து முதியவர்களைக் கேளுங்கள். விடிய நாலு மணிக்குக் கப்பிச் சத்தம் தொடங்கும். குடத்துக்கு முதலிடம், குளிப்புக்குப் பிறகு, உடுப்புத் தோய்ப்பது பின்னேரம் என்று பெண்கள் தாங்களே ஒழுங்கு வைத்திருந்தார்கள். கயிறு தேய்ந்தால் வீட்டுக்கு ஐம்பது சதம், ஒரு ரூபா என்று சேர்த்துப் புதுக்கயிறு வாங்கினார்கள். அதற்கும் ஒரு கொப்பி இருந்தது, ஒரு அக்காவின் வீட்டில்.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாக எழுத வேண்டும். யார் கிணற்றுக் கயிற்றைத் தொடலாம், யார் தள்ளி நின்று மற்றவர் ஊற்றுமட்டும் காத்திருக்க வேண்டும் என்று பல தலைமுறையாகக் கணக்கு வைத்திருந்த மண் இது. சாதியின் பேரால் ஆட்களைத் தடுப்பது குற்றம் என்று 1957 இலேயே சட்டம் வந்தது. சட்டம் வந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, 1995 இல் இடம்பெயர்ந்து போன வழியில், தாகத்தோடு படலையில் நின்ற சனத்திடம் "எவ்விடம், ஆற்றை ஆக்கள்?" என்று கேட்ட வீடுகளை நான் கண்டேன். எத்தனையோ வீடுகள் ஒன்றும் கேட்காமல் படலையைத் திறந்து, கிணற்றையும் விறாந்தையையும் விட்டுக்கொடுத்தன. அவர்களை மறக்க முடியாது. கேட்ட வீடுகளும் இருந்தன. பதில் பிடிக்காவிட்டால் வாளி உடைந்துபோய்க் கிடக்கிறது என்றார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த தாய் ஒருத்தி ஒன்றும் பேசாமல் அடுத்த படலைக்கு நடந்தாள்.

பொதுக்கிணற்றடியில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை. அதனால்தான் அது பொதுக்கிணறு. எங்கள் வட்டாரத்தில் சொந்தக் கிணறு இல்லாத வீடுகள் எவை என்று ஒருமுறை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். அனேகமாக ஒரே பக்கத்து ஒழுங்கைகளில்தான் வரும். அந்த வீடுகளுக்கு இன்று குழாய்த் தண்ணீர் வருகிறது, சரி. அது வராத நாளில், மோட்டர் வேலை செய்யாத நாளில், அவர்கள் யாருடைய படலையில் போய் நிற்க வேண்டும்? தூர்க்கிற முடிவை எடுத்தபோது இந்தக் கேள்வி உங்கள் மேசைக்கு வந்ததா? வரவில்லை என்றால் அந்த முடிவு முழுமையான முடிவு அல்ல.

கிணறு ஊத்தையாய்க் கிடக்கிறது, நுளம்பு பெருகுகிறது, பிள்ளைகள் விழுந்துவிடும் என்று ஒரு உறுப்பினர் சொன்னார். ஊத்தையாய் விட்டது யார்? சந்தைக் குப்பையை அள்ளுவது சபையின் வேலை. நானே போய்ப் பார்த்தேன். கட்டு ஒரு பக்கத்தில் வெடித்திருக்கிறது, கப்பி துருப்பிடித்துவிட்டது, உள்ளே பொலித்தீன் பைகள் மிதக்கின்றன. ஆனால் உட்கட்டு உறுதியாக இருக்கிறது, கடும் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது. நன்றாக இறைத்து, அடிச்சேற்றை அள்ளி, குளோரின் போட்டு, மேலே இரும்பு வலை அடித்தால் பிள்ளைகளுக்கும் ஆபத்து இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீரைச் சோதித்துச் சொல்லட்டும். தரிப்பிடத்துக்குப் போடுகிற கொங்கிறீற்றுச் செலவில் இது ஒரு சிறு பங்கு.

குழாய்க்கிணறு ஒன்றே போதும் என்பவர்களுக்குச் சுன்னாகத்தை நினைவூட்டுகிறேன். அந்தச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 இல்தான் தீர்ப்பு வந்தது. இடையில் சனத்துக்குப் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். பவுசருக்கு டீசல் வேண்டும். ஒரு இடத்துத் தண்ணீர் கெட்டால் இன்னொரு இடத்தில் இருக்க வேண்டும். அது கையால் அள்ளக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

"இனி வராது" என்றீர்களே. 2006 ஆகஸ்டில், எங்களைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை பூட்டப்பட்டபோது, நாலைந்து வருடமாகத் திறந்திருந்த பாதை இனிப் பூட்டாது என்றுதான் நாங்களும் நம்பியிருந்தோம். சீனிக்கும் பாணுக்கும் திரும்ப வரிசை. 2022 இல் சண்டை ஒன்றும் இல்லை. டொலர் இல்லாததாலேயே நாடு நின்றது. மார்ச் 31 அன்று 13 மணிநேர மின்வெட்டு அறிவித்தார்கள். பெற்றோல் வரிசையில் ஆட்கள் வாகனத்துக்குள்ளேயே நித்திரை கொண்டார்கள். கோடியில் கிடந்த சைக்கிள்களை எல்லாரும் தேடி எடுத்துத் துடைத்தார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொன்னார்கள், முழு இலங்கையும் இருண்டது. அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். மலையகத்தில் மண் சரிந்த இடங்களில் இருந்த சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கப் போன் வேலை செய்யாமல், நாள்கணக்கில் தவித்த குடும்பங்கள் எங்கள் ஊரிலும் இருந்தன. உங்கள் திட்டம் நம்பியிருக்கும் அதே போன்தான்.

இவை எல்லாம் நாங்கள் கண்டவை. காணாதவையும் உண்டு. 1859 செப்டெம்பரில் சூரியனில் எழுந்த புயல் ஒன்று உலகத்தின் பல இடங்களில் தந்திக் கம்பிகளைக் குழப்பியது. 1989 மார்ச்சில் அதைவிடச் சிறிய ஒன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தை ஏறத்தாழ 9 மணிநேரம் இருட்டில் விட்டது. அதுமாதிரி ஒன்று எப்போது வரும் என்று சொல்ல நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் வராது என்று சொல்லச் சபைக்கும் ஆதாரம் இல்லை.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. இந்த வேலைகளைச் செய்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். துலா பொருத்தத் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் ஒருவர்தான் மிச்சம், எண்பதைத் தாண்டிவிட்டார். மண்ணெண்ணெயில் மிசின் ஓட்டப் பழக்கிய மெக்கானிக் அண்ணை போன வருடம் காலமானார். அவருக்குத் தெரிந்ததை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அந்த ஜாம் போத்தல் விளக்கைப் பாதுகாப்பாக எப்படி வைப்பது, பிள்ளை தட்டிவிட்டால் என்ன செய்வது என்பதுகூட இன்றைய இளம் தாய்மாருக்குத் தெரியாது. அவர்களைக் குறை சொல்லவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம். எங்களைக் கூப்பிட ஆள் இல்லை. உங்கள் அனர்த்தக் குழுவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர் ஒருவர்கூட இல்லை. பெண்கள் இரண்டே பேர். அந்த வருடங்களில் கிணற்றடியையும் வரிசையையும் அடுப்பையும் நடத்தியவர்கள் அனேகமாகப் பெண்கள்தான்.

ஆகவே சபையிடம் கேட்பது இதுதான்.

பொதுக்கிணற்றைத் தூர்க்கும் முடிவை உடனே நிறுத்துங்கள். வரும் மாரிக்கு முன் அதை இறைத்துத் துப்புரவாக்கி, கட்டைத் திருத்தி, வலையும் கப்பியும் கயிறும் போட்டுத் தாருங்கள். எல்லோரும் அள்ளலாம் என்று தமிழில் பெரிதாக எழுதிய பலகை ஒன்றும் அங்கே வேண்டும். தரிப்பிடத்துக்குச் சந்தைக்கு முன்பக்கம் சபையின் வெறுங்காணி இருக்கிறது. சிரமதானத்துக்கு ஆட்களைத் திரட்டித் தர நானும் சனசமூக நிலையத்துப் பிள்ளைகளும் பொறுப்பு.

சபை எல்லைக்குள் கையால் அள்ளக்கூடிய கிணறுகள் எத்தனை, எவை குடிக்க உகந்தவை என்று கணக்கெடுத்து, வட்டாரம் வட்டாரமாகத் தாளில் வரைபடம் வெளியிடுங்கள். சொந்தக் கிணறு வைத்திருப்பவர்களில், அவசர காலத்தில் எல்லோருக்கும் திறந்துவிடச் சம்மதிப்பவர்களின் பெயரை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கையால் எழுதிய பதிவேடு ஒன்று வேண்டும், இரண்டு பிரதிகளில். குடும்பம், ஆட்தொகை, உதவி இல்லாமல் எழும்ப முடியாதவர்கள், தினமும் மருந்து எடுப்பவர்கள், அவர்களுக்குப் பொறுப்பான அயலவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும். ஒன்று கிராம சேவையாளரிடமும் மற்றது வட்டாரத்தார் ஒப்புக்கொள்ளும் ஒரு பொறுப்பானவரிடமும் பூட்டி இருக்கட்டும். நோயாளிகளின் விபரம் ஊர்ப் பேச்சாகிவிடக்கூடாது.

நிவாரணம் எதுவாக இருந்தாலும், பங்கிட முதல் வந்த அளவையும் ஆளுக்குரிய அளவையும் வாசலில் எழுதி ஒட்டுவதைச் சபை விதியாக்குங்கள். பழைய பொருட்கள் என்று ஏலத்துக்கு எழுதப்பட்ட பட்டியலில் கைப்பம்பி, தராசு, படிகள், மண்ணெண்ணெய் அளவைகள் இருக்கின்றன. அவற்றை விற்க வேண்டாம். எண்ணெய் போட்டு வைத்திருங்கள்.

வருடத்தில் ஒரு நாளாவது கரண்டும் போனும் இல்லாமல் ஒத்திகை பாருங்கள். செய்தியைச் சைக்கிளிலும் கோயில் மணியிலும் தேவாலய மணியிலும் கொண்டுபோய்ப் பாருங்கள். எந்த ஒழுங்கைக்குச் சேரவில்லை என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். 1990 முதல் வாழ்ந்து பார்த்தவர்களின் வாய்மொழியைப் பதிந்து, தாளில் அச்சிட்டு, வாசிகசாலைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் வையுங்கள். அனர்த்தக் குழுவில் முதியவர்களுக்கும், மாதர் சங்கத்துக்கும், சொந்தக் கிணறு இல்லாத ஒழுங்கைகளின் சனத்துக்கும் இடம் கொடுங்கள்.

இந்த மடலை அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆம் அல்லது இல்லை என்று காரணத்தோடு எழுத்தில் பதில் தாருங்கள். கிணற்றைத் தூர்க்க எடுத்த முடிவின் கூட்ட அறிக்கையையும், அதற்கு முன் தண்ணீர் சோதிக்கப்பட்டிருந்தால் அந்த அறிக்கையையும், 2016 ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் தனியாக விண்ணப்பித்திருக்கிறேன். பதில் வரும்வரை கிணற்றடியில் ஒரு லொறி மண்ணும் இறக்கப்படக்கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியர் ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.